சிறைவாயிலுக்கு அப்பால்



நான் புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்து வாயில் எனக்கு நன்கு பழக்கமானது. காலையில் மணி அடிக்கும்போது பிள்ளைகள் அதன் வழியே ஓடி வருவார்கள். மாலையில் மணி அடித்ததும் கூட்டை விட்ட பறவைகளைப் போல வீடு நோக்கிப் பறப்பார்கள். வீடு என்று ஒன்று காத்திருக்கிறது என்பதில் அவர்களுக்கு ஐயமே இராது.

புதுக்கோட்டை நகரில் வேறொரு பள்ளியும் உண்டு. அதன் வாயில் மாலைதோறும் திறப்பதில்லை. பார்ஸ்டல் பள்ளி என்பது அதன் பெயர். குற்றம் புரிந்து தண்டனை பெற்ற இளைஞர்களை வைத்துத் திருத்தும் இடம் அது. இங்கிலாந்து நாட்டின் கெண்ட் பகுதியில் பார்ஸ்டல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. முதிர்ந்த குற்றவாளிகளோடு இளைஞர்களையும் ஒருங்கே அடைத்தால் அவர்கள் கெட்டழிவார்கள் என்று கண்டு, அவர்களுக்கெனத் தனி நிலையம் ஒன்றை 1902 ஆம் ஆண்டில் அங்கே அமைத்தார்கள். ஊரின் பெயரே முறையின் பெயராயிற்று. சென்னை மாகாணம் 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அம்முறையை ஏற்றுக்கொண்டது. இருபத்தொரு வயது நிரம்பாத இளைஞரை இரண்டு ஆண்டுக்குக் குறையாமலும் ஐந்து ஆண்டுக்கு மேற்படாமலும், எவ்வாறாயினும் இருபத்து மூன்று வயதுக்கு மேல் வைக்காமலும், ஒழுக்கமும் தொழிலும் கற்பிக்க வேண்டும் என்பது அச்சட்டம். பிறந்த நாட்டிலேயே அம்முறை 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவிடப்பட்டது; நம்மிடத்தில் நிலைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத சிறார்க்கு இப்போது தனிச் சட்டமும் தனி இல்லங்களும் உள்ளன.

அந்த வாயில் ஒவ்வோர் இளைஞனுக்கும் ஒருநாள் திறக்கும். தண்டனைக் காலம் முடிந்தது, போகலாம் என்பார்கள். எங்கே போவது? அன்றிரவு எங்கே உண்பது? மறுநாள் யாரிடம் போய் வேலை கேட்பது? இந்த மூன்று கேள்விகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இப்பொருளைப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று பலகாலும் எண்ணியிருக்கிறேன். நான் செய்த தவறு ஒன்றே எனக்குள்ள தகுதி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019 ஆம் ஆண்டின் தொடக்கம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில திங்களே இருந்தன. முந்திய ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் வீசிய கஜா புயல் எங்கள் மாவட்டத்தைச் சூறையாடிச் சென்றிருந்தது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஓடும் கீற்றும் பறந்தன. மக்களின் பெட்டிகளில் இருந்த தாள்கள் எல்லாம் நனைந்து கூழாயின. அந்த நாள்களில் ஒரு காலை வேளையில் என் அறை வாயிலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. தோட்டத்து மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருடிய குற்றத்துக்காகப் பார்ஸ்டல் பள்ளிக்கு அனுப்பப்பட்டவன். அப்போதுதான் விடுதலையாகி வந்திருந்தான். அவன் உள்ளே இருந்த காலத்தில் குடிசை புயலில் போயிற்று. தாய் வேற்றூரில் மகளோடு ஒண்டியிருந்தாள். பள்ளிச் சான்று, குடும்ப அட்டை எதுவும் மிஞ்சவில்லை. "நான் இங்கே படித்தேன் என்று ஒரு சான்று வேண்டும், ஐயா" என்றான்.

என் மேசைமேல் தேர்வுக் கட்டணம் வசூலித்த பணப்பெட்டி திறந்திருந்தது. என் கை தானாகவே சென்று அதன் மூடியை மூடியது. நான் எண்ணிச் செய்யவில்லை, ஆயினும் செய்தேன். அவன் அந்தக் கையைப் பார்த்தான். "இன்று வேலை மிகுதி. நாளை வா" என்றேன். "சரி, ஐயா" என்று சொல்லிப் போனவன் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நேயர்களே, நீதிமன்றம் விதித்த தண்டனையை அவன் முடித்திருந்தான். எந்தச் சட்டமும் எனக்கு அதிகாரம் தராதிருந்தும், நான் ஒரு புதிய தண்டனையை அவனுக்கு விதித்துவிட்டேன். சிறையிலிருந்து மீள்பவர்கள் படும் துன்பம் பெரும்பாலும் இத்தகையதே. அதை விதிப்பவர்கள் கொடியவர்கள் அல்லர். என்னைப் போன்ற சாதாரண மனிதர்களே.

இத்துன்பம் புதியதன்று, அதைத் துடைக்க முயன்ற அறமும் நம்மிடம் பழையதே. மணிமேகலைக் காப்பியத்தை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அமுதசுரபி ஏந்திய மணிமேகலை, சிறைக்கோட்டத்தினுள் புகுந்து, பசியால் வாடியவர்களுக்கு உணவளித்தாள். செய்தி அறிந்த சோழ மன்னன், அவள் வேண்டுவது யாது என வினவினான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்க வேண்டும் என்பதே அவள் கேட்ட வரம். மன்னனும் அதற்கு இசைந்தான். அவள் யார் என்ன குற்றம் செய்தார் என்று கேட்டுவிட்டுச் சோறிடவில்லை. முதலில் பசியைத் தீர்த்தாள், பிறகே மற்றவை.

நம் காலத்துக்கு அண்மையில் ஒரு வரலாறு சொல்லுகிறேன். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் 1908 ஆம் ஆண்டில் அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்றார். 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் செய்தது குற்றமன்று, நாட்டுத் தொண்டு என்பதை நாம் அறிவோம். ஆனால் அன்றைய ஏட்டில் அவர் தண்டிக்கப்பட்டவர். வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமையை இழந்தார். கப்பல் கம்பெனி கண்ட கைகள் சென்னையில் வயிற்றுப்பாட்டுக்காகப் போராடின. அந்நாளில் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நம்மவர்கள் அவருக்காகப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தார்கள். கடிதங்கள் பல நடந்த பின்னர், 1916 ஆம் ஆண்டில் 347 ரூபாய் 12 அணா அவரை வந்தடைந்தது. கடல் கடந்த ஏழைத் தமிழரின் அன்பு அந்தத் தொகையில் இருந்தது. பின்னர், வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் முயற்சியால் வழக்கறிஞர் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார்.

மாணவர்களே, இவ்வரலாற்றில் இரண்டு உதவிகள் இருக்கின்றன. ஒன்று, கைச்செலவுக்குப் பணம். அது சில நாள் தாங்கும். மற்றொன்று, தம் தொழிலைத் தாமே செய்யும் உரிமை. அது வாழ்நாள் முழுதும் தாங்கும். இரண்டும் வேண்டும். முன்னது இல்லையேல் பின்னது வரும் வரையில் உயிர் தரிக்க முடியாது. பின்னது இல்லையேல் முன்னது வெறும் பிச்சையாகிவிடும். சிதம்பரனாருக்கே இந்நிலை என்றால், பெயரும் புகழும் இல்லாத ஓர் ஏழை இளைஞனின் நிலை எத்தகையதாய் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

விடுதலையாகி வருபவனுக்கு முதலில் வேண்டியவை யாவை? ஐக்கிய நாடுகள் அவை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட சிறை விதிகள் இதை விளக்கமாகவே சொல்லுகின்றன. இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்த தென்னாப்பிரிக்கத் தலைவரை நினைந்து அவற்றுக்கு நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயரிட்டனர். விடுதலை பெறுபவனிடம் தக்க அடையாளத் தாள்கள் இருக்க வேண்டும். தங்க இடமும் செய்ய வேலையும் இருக்க வேண்டும். தட்பவெப்பத்துக்கு ஏற்ற ஆடை இருக்க வேண்டும். ஊர்போய்ச் சேரவும், சேர்ந்த பின் சில காலம் உயிர் வாழவும் பொருள் இருக்க வேண்டும். 1955 ஆம் ஆண்டின் ஜெனீவா விதிகளிலேயே இக்கருத்து இடம்பெற்றிருந்தது. தாள்களை முதலில் வைத்த நுட்பத்தைக் கவனியுங்கள். அரிசி வாங்கக் குடும்ப அட்டை வேண்டும். கூலியைப் போட வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க அடையாள அட்டை வேண்டும். அட்டை பெற முகவரி வேண்டும். இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை எல்லாம் கைநழுவும். என்னிடம் வந்த இளைஞன் கேட்டது அந்த முதற் கண்ணியைத்தான்.

இவ்வுதவிகளை எங்கே தேடுவது? வழிகள் உண்டு, அறிந்தவர்கள்தாம் குறைவு.

சிறைக்குள்ளேயே நல அலுவலர் இருக்கிறார். விடுதலைக்கு முன்னரே அவரிடம் தாள்கள், ஊர், தொழில் ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட வேண்டும். சிறையில் செய்த வேலைக்குரிய கூலியையும் கணக்குப் பார்த்துக் கேட்டுப் பெற வேண்டும். சிறைவாசிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி தரப்பட வேண்டும் என்று 1998 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அக்கூலி கருணையால் தருவதன்று. அவன் வியர்வையின் விலை.

வெளியே வந்தபின் அணுகத் தக்கவர் நன்னடத்தை அலுவலர். தண்டிக்காமல் நன்னடத்தையின்பேரில் விடுவிக்கப்பட்டவர்களைக் கண்காணிப்பதோடு, விடுதலையானவர்களின் மறுவாழ்வுக்கு வழிகாட்டுவதும் அத்துறையின் பணியே. விடுதலை பெற்ற சிறைவாசிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. சிறு தொழில் தொடங்குவதற்கான உதவியை இவ்வழிகளில் கேட்கலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறுகிறது. குடும்ப அட்டை, வீட்டுமனை, முதியோர் உதவித்தொகை எதுவாயினும் அங்கே மனுக் கொடுக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. சிறை சென்றவர் கொடுக்கலாகாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வழக்குத் தொடர்பான சிக்கல் இருப்பின், சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி காவலில் இருப்போர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருவாய் குறைந்தோர் முதலியவர்களுக்கு அது கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டியே அதன் அலுவலகம் இருக்கும். 15100 என்பது அதன் தொலைபேசி எண். இந்த ஐந்து இலக்கங்களையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பயன்படாமற் போகலாம். பக்கத்து வீட்டுக்குப் பயன்படும்.

குற்றம் புரிந்தவர் அனைவர்க்கும் வாழ்நாள் முழுதும் கறை உண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அத்துணைக் கொடியதன்று. 1958 ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்தோ, நன்னடத்தையின்பேரிலோ விடுவிக்கப்பட்டவருக்கு, அத்தீர்ப்பினால் வேறு எந்தத் தகுதிக் குறைவும் நேராது என்று அதன் 12 ஆம் பிரிவு கூறுகிறது. 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், சிறுவயதில் செய்த பிழை பிற்கால வாழ்வைத் தடுக்கலாகாது என்றும், உரிய காலத்துக்குப்பின் அப்பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்றும் பெரும்பாலானவற்றில் விதிக்கிறது. மற்றவர்கள் வேலை விண்ணப்பத்தில் வழக்கைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். 2016 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனை வற்புறுத்தியது. அதே தீர்ப்பில், இளமையில் நேர்ந்த அற்பக் குற்றத்தை வேலை தருபவர் பொருட்படுத்தாது விடலாம் என்றும் வழி காட்டியது. ஆதலின் உதவி செய்கிறோம் என்று எண்ணிப் பொய் எழுதச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். மெய் சொல்லியும் வேலை கிடைக்கும் நிலையை உண்டாக்குவதே உதவி.

இங்கே உங்களில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். "ஐயா, களவு கொடுத்தவனுக்கு யார் உதவுவார்? குற்றம் செய்யாத ஏழைகள் ஆயிரம் பேர் வேலையின்றி இருக்கும்போது குற்றவாளிக்கு ஏன் உதவ வேண்டும்?" இது நேர்மையான கேள்வி, இதற்கு விடை சொல்லாமல் போவது முறையன்று. அந்தச் செம்புக் கம்பியை இழந்த உழவரின் தோட்டத்தில் பயிர் வாடியது. அவர் கண்ணீரும் கண்ணீரே. பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் சொன்ன 1998 ஆம் ஆண்டுத் தீர்ப்பே, சிறைவாசியின் கூலியில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்க்காக ஒதுக்க வழி செய்ய வேண்டும் என்றும் கூறியது. ஒருவர்க்கு நீதி செய்ய மற்றவரைப் பட்டினி போட வேண்டியதில்லை. மேலும், வேலையும் சோறும் இல்லாமல் நிற்பவனை மறுபடியும் எந்தக் கை வந்து பற்றும் என்று நினைக்கிறீர்கள்? அவனைக் களவுக்கு அழைத்துப் போன பழைய கூட்டாளியின் கைதான் முதலில் நீளும். நம் கை அதற்கு முன்னே நீண்டால் இன்னொரு தோட்டத்தில் பயிர் வாடாது.

விக்டர் ஹியூகோ 1862 ஆம் ஆண்டில் எழுதிய பெரும் புதினத்தை, 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழுக்குத் தந்தார். அதில் வரும் ஜீன் வால்ஜீன் ரொட்டி திருடிச் சிறை சென்று மீண்டவன். அவன் கையில் மஞ்சள் நிறத் தாள் ஒன்று இருக்கும். அதைக் கண்டதும் விடுதிகளின் கதவுகள் சாத்தப்படும். நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2004 ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதற்கு மஞ்சள் நாடா இயக்கம் என்று பெயர். சிறையிலிருந்து மீள்பவரை ஏற்றுக்கொள்கிறோம் என்பதற்கு அடையாளமாக மக்கள் மஞ்சள் நாடா அணிகிறார்கள். தொழில் நிறுவனங்கள் வேலை தர முன்வருகின்றன. கதையில் கதவை அடைத்த மஞ்சள் நிறம், அங்கே கதவைத் திறக்கிறது. நம் புதுக்கோட்டைப் பார்ஸ்டல் பள்ளி சார்பில் பெட்ரோல் நிலையம் நடைபெறுவதை நகரத்தார் அறிவர். அங்கே வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொள்பவர்கள், பணம் வாங்கும் அந்தக் கையை நம்பித்தானே தாளை நீட்டுகிறார்கள்? நம்புவது கடினமன்று, பழகினால் வரும்.

இனி என் மாணவனிடம் மீண்டும் வருகிறேன்.

மூன்று திங்கள் கழிந்தன. ஒருநாள் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஓர் உணவு விடுதியில் அவனைக் கண்டேன். எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தான். "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டேன். "சாப்பாடு போடுகிறார்கள், ஐயா. தாள் ஒன்றும் இல்லாதவனுக்குச் சம்பளம் கிடையாதாம்" என்றான். அவன் குரலில் குறை இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. மறுநாள் அவனைப் பள்ளிக்கு வரச்சொல்லி, பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அவன் படித்ததற்குச் சான்று எழுதிக் கையொப்பமிட்டேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரைமணியை மூன்று திங்களுக்கு முன் நான் கொடுத்திருந்தால், அவன் மூன்று திங்கள் கூலியின்றி உழைத்திருக்க மாட்டான்.

பின்னர் ஒவ்வொன்றாக நடந்தது. அடையாள அட்டை கிடைத்தது. வங்கிக் கணக்குத் தொடங்கியது. ஆட்சியர் அலுவலகத்தில் தாயின் பெயரால் மனுக் கொடுத்தோம். பார்ஸ்டல் பள்ளியில் அவன் தையல் பழகியிருந்தான். கீரனூரில் எனக்குத் தெரிந்த தையற்காரர் ஒருவரிடம் அழைத்துப் போய், உள்ளதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் அவனைப் பார்த்தார். "என் கடையில் நூலும் ஊசியும் தவிர வேறு என்ன இருக்கிறது? நாளைக்கே வரட்டும்" என்றார். எழுத்தறியாத அவர் சொன்ன "நாளை"க்கும், தலைமையாசிரியனாகிய நான் சொன்ன "நாளை"க்கும் உள்ள வேறுபாட்டை நான் அன்று உணர்ந்தேன்.

அவன் இன்று சொந்தமாகத் தையல் இயந்திரம் வைத்திருக்கிறான். ஜூன் மாதம் வந்தால் பள்ளிச் சீருடைகள் அவனிடம் குவிகின்றன. என்னைக் கண்டால் அன்போடு வணங்குகிறான். ஆனால் இன்றளவும் என் வீட்டுக்குள் வந்து அமர்வதில்லை, திண்ணையோடு நின்றுவிடுகிறான். பணப்பெட்டியை மூடிய கையை அவன் மன்னித்திருக்கலாம்; மறந்திருக்க முடியாது.

மாணவர்களே, நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பணம் கொடுக்க உங்களிடம் பணம் இராது. ஆனால் உங்களுக்கு எழுதத் தெரியும். 1991 ஆம் ஆண்டில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. உங்களைப் போன்ற இளைஞர்கள் அந்தி வேளையில் அரிக்கன் விளக்கோடு தெருத்தெருவாகச் சென்று எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிவித்தார்கள். கற்ற பெண்கள் மிதிவண்டியும் பழகி ஊரை வலம் வந்தார்கள். அது பெரும்பணத்தால் நடந்ததன்று; எழுதத் தெரிந்தவர் தெரியாதவர் அருகில் போய் அமர்ந்ததால் நடந்தது. உங்கள் தெருவில் சிறையிலிருந்து ஒருவர் மீண்டு வந்திருந்தால் அவர் வீட்டுப் பிள்ளையோடு விளையாடுங்கள். அவருக்கு ஒரு மனு எழுதித் தாருங்கள். எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் செய்த குற்றத்தின் பெயரால் அவரை அழைப்பவர்கள் முன்னிலையில் அவருடைய சொந்தப் பெயரால் அழையுங்கள்.

உங்களில் சிலர் நாளை தலைமையாசிரியர் ஆவீர்கள். சிலர் கடை வைப்பீர்கள். சிலர் அலுவலகத்தில் கையொப்பமிடும் இடத்தில் அமர்வீர்கள். அன்று உங்கள் வாயிலில் ஒருவன் வந்து தயங்கி நிற்பான். அவனிடம் "நாளை வா" என்று சொல்லாதீர்கள். "உள்ளே வா, உட்கார்" என்று சொல்லுங்கள்.